பாயிண்டா, எலக்ட்ரானிக்கா? அப்பாவின் புல்லட்டுக்கு நான் எடுத்த முடிவு

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1992 மாடல் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், கிக்கர் மட்டும்தான். குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க இந்த வண்டிதான் அவரைச் சுமந்தது. எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உண்டே, இரண்டிலும் நனைந்து பழகிய வண்டி. அவர் ஓய்வு பெற்றபின் கொஞ்ச நாள் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. அதில் பிளக்கில் பொறி விழவைக்கிற பழைய சுவிட்சான பாயிண்டோடு இரண்டு வருஷம், அதே வேலையைச் செய்கிற எலக்ட்ரானிக் கிட்டோடு ஒன்பது மாதம், மறுபடியும் பாயிண்டோடு மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் நாகர்கோவிலில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து, பாயிண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் மாட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள். நடுரோட்டில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் வண்டி நின்ற கதை. அழகியமண்டபம் வழியாக வேர்கிளம்பி தாண்டி திருவட்டாறு போய்க்கொண்டிருந்தேன், மாலை நேரம், மழை விட்டு ரோடு காய ஆரம்பித்திருந்தது. ஏற்றத்தில் லேசாக மிஸ்ஸிங் கொடுத்தது. அடுத்த வளைவில் இரண்டு தடவை பின்னால் வெடித்தது, அப்புறம் அப்படியே அணைந்துவிட்டது. இருபது முப்பது தடவை கிக்கர் அடித்திருப்பேன், ஒன்றும் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகிறது! சந்தோஷமாகக் கிளம்பினால் கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. அன்றைக்கு வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்றால் பழைய வண்டிக்காரர்கள் எடுத்த எடுப்பில் கண்டன்சரைத்தான் சந்தேகப்படுவார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்த ஒருவர் "பாயிண்ட் வண்டின்னா இப்படித்தான், கிட்டை மாட்டு, கவலை விட்டுது" என்றார். நானும் மாட்டிவிட்டேன்.

இந்தப் பாயிண்ட் என்னதான் செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் எதையும் தீர்மானிக்க முடியாது. பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் இக்னிஷன் காயிலின் முதல் சுற்றுக்குள் நுழைந்து, பாயிண்ட் மூடியிருக்கிற வரைக்கும் அதன் வழியாக எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் வண்டியில் மூன்று நான்கு ஆம்பியர் ஓடும். அந்த நேரத்தில் காயிலுக்குள் காந்தப்புலம் ஏறி நிற்கிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற, மேடுள்ள கேம் வந்து பாயிண்டின் ஃபைபர் குதிகாலைத் தள்ளித் திறந்ததும் கரண்ட் அறுபடுகிறது, புலம் சட்டென்று சரிகிறது, இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாக விழுகிறது. இதில் கண்டன்சருக்கு என்ன வேலை என்றால், பாயிண்ட் திறக்கிற நொடியில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும், அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. அது செத்துவிட்டால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்டிலேயே விழும். புலமும் மெதுவாகத்தான் சரியும், பிளக்கில் பலம் இருக்காது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் நூறு வருஷத்துக்கு மேலே முன்பு கார்களுக்காக வடிவமைத்த ஏற்பாடு இது. உலகமே இதில்தான் பல பத்தாண்டுகள் ஓடியது. புல்லட்டில் கேம் என்ஜினின் பாதி வேகத்தில் சுற்றும். 3000 ஆர்பிஎம்மில் போகும்போது பாயிண்ட் நிமிஷத்துக்கு 1500 தடவை திறந்து மூடுகிறது, அதாவது நொடிக்கு 25 தடவை. அந்தச் சின்ன ஃபைபர் துண்டு தேய்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அது தேயத்தேய கேப், அதாவது பாயிண்ட் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளி, குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் திறப்பது தாமதமாகும், பொறி விழுகிற நேரமான டைமிங் பின்னால் போகும். வண்டி இழுக்காது, சூடாகும், சைலன்சர் பைப் நீலம் பாயும். புல்லட்டுக்கு கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் அளவில் வைக்கிறவர்களை நான் நம்புவதில்லை, எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் சரி.

எலக்ட்ரானிக் கிட்டில் திறந்து மூடுகிற வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. சுற்றுகிற காந்தத்தை சென்சார் பார்த்து எப்போது அறுக்க வேண்டும் என்று சொல்லும். தேய்வதற்கு ஒன்றும் இல்லை, கருகுவதற்கு ஒன்றும் இல்லை. சாவியை ஆன் செய்துவிட்டு மறந்து போய்விட்டால் பாயிண்ட் வண்டியில் காயில் கொதித்து பேட்டரியும் இறங்கிவிடும், நிறைய எலக்ட்ரானிக் யூனிட் தானாகவே கரண்டை நிறுத்திவிடும். இவை எல்லாம் உண்மையான லாபங்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கிட் மாட்டின முதல் வாரம் ஐடிலிங் அவ்வளவு சீராக இருந்தது, வடசேரியில் டிராஃபிக்கில் நின்றால் டக் டக் என்று ஒரே தாளத்தில் நின்றது. காலையில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட். ஏழெட்டு மாதம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் முதல் நாளிலேயே ஒன்று போய்விட்டது. பாயிண்ட் புல்லட் ஓட்டியவர்களுக்கு ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக, பைய அமுக்கிக்கொண்டே வந்தால் முள் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். பாயிண்ட் மூடியிருக்கிறது, காயில் கரண்ட் குடிக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் அமுக்கினால் கால் கனக்கும். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷரைப் பிடித்து நகர்த்திக்கொண்டே முள்ளைப் பார்த்தால், ஒரு இடத்தில் டக் என்று நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் இருக்கிறது. இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தி, டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழுசாக ஓர் உதை. அவ்வளவுதான். எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது டேங்கில் உட்காரவைத்து, "முள்ளப் பாரு, என்ஜின் எங்க நிக்கின்னு அது சொல்லும்" என்று அப்பா காட்டிக்கொடுத்தது அது. ஐம்பது கிலோ எடைகூட இல்லாதவர்கள் அந்த வண்டியை எடுக்க முடிவதற்குக் காரணமே அந்த முள்தான். கிட் மாட்டியபின் முள் அப்படிப் பேசவில்லை. கிக்கரை எங்கே கொண்டுபோனாலும் நடுவிலேயே நின்றது. நான் காலின் கனத்தை வைத்து எடுக்கப் பழகிக்கொண்டேன். ஆனாலும் கண் தன்னால் மீட்டருக்குத்தான் போகும்.

ஒன்பதாம் மாதம் முட்டத்தில் நின்றது. கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்ப கிக்கர் அடித்தால் பிடிக்கவில்லை. மூன்றாவது உதையில் கிக்கர் திருப்பி அடித்தது பாருங்கள், கணுக்காலுக்கு மேலே இடித்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. ரெசின் ஊற்றி மூடிய ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து வெளியே வருகிற நாலு வயர். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "பாயிண்டா இருந்தா ஒரு கை பாத்திருக்கலாம் மக்கா" என்றார், ஒரு காலத்தில் அவரும் புல்லட் வைத்திருந்தாராம். கடைசியில் ஒரு குட்டி யானை பிடித்து வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கிட் கெட்டுப்போகவில்லை. அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ரெக்டிஃபையரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்து சார்ஜ் ஏறுவது நின்றுபோயிருந்தது, பேட்டரி மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது, ஒரு அளவுக்குக் கீழே போனதும் யூனிட் சரியாக வேலை செய்யாமல் கண்ட நேரத்தில் பொறி கொடுத்திருக்கிறது. முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம் பக்கம் உப்புக்காற்றில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் களிம்பு தெரியும். பாயிண்டாக இருந்தாலும் பேட்டரி இறங்கியிருக்கும், ஆனால் அது இவ்வளவு வோல்ட் வேண்டும் என்று அடம் பிடிக்காது, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மெதுவாக வீடு வந்திருப்பேன். பேட்டரி, சார்ஜிங், எர்த் மூன்றும் சுத்தமாக இல்லாத வண்டியில் எலக்ட்ரானிக் மாட்டினால் பழைய கோளாறு போய்ப் புதுக் கோளாறு வரும், அதுவும் ரோட்டோரத்தில் திறந்து பார்க்க முடியாத கோளாறு.

அதற்கு அப்புறம்தான் கோட்டாறில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அறுபது வயசுக்கு மேலே, புல்லட் மட்டும்தான் பார்ப்பார். போன உடனே அவர் கிட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நடுவில் நிற்கிற ஷாஃப்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஆட்டினார். ஆடியது. என் கையைப் பிடித்து வைத்து என்னையும் ஆட்டச் சொன்னார். பால் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. பழைய பாயிண்டை மாட்டி 0.40 வைத்துவிட்டு ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தால் 0.25தான் வருகிறது.

"கேப்பு இப்பிடி நிமிசத்துக்கு நிமிசம் மாறுனா பாயிண்டு என்ன பாவம் செஞ்சுது, சொல்லு" என்றார்.

ஷாஃப்டுக்குக் கீழே அட்வான்ஸ் யூனிட். இரண்டு சின்ன எடைக்கட்டைகள், இரண்டு ஸ்பிரிங். வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து டைமிங்கை முன்னால் கொண்டுபோக வேண்டும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். என் வண்டியில் ஒரு எடை துருப்பிடித்து பாதியில் சிக்கி நின்றது, ஒரு ஸ்பிரிங் நீண்டுபோய் வாய் பிளந்திருந்தது. எடை விரிந்தபடியே சிக்கிக்கொண்டால் ஸ்டார்ட் பண்ணும்போதே பொறி சீக்கிரம் விழும், கிக்கர் திருப்பி அடிக்கும். சுருங்கியபடியே சிக்கினால் வண்டி இழுக்காது. எனக்குக் கிட் மாட்டியவர் இந்த ஷாஃப்டின் மேலேயே காந்தத்தை உட்காரவைத்து, இந்த எடைகளையே நம்பி விட்டிருந்தார். பழைய நோய் அத்தனையும் அப்படியே உள்ளே இருந்தது.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். பாயிண்டின் தலையில் நாம் கட்டுகிற குறைகளில் பெரும்பாலானவை பாயிண்டுடையவை இல்லை. ஆடுகிற ஷாஃப்டு, சிக்கிய அட்வான்ஸ், செத்த கண்டன்சர், களிம்பு பிடித்த எர்த், இந்த நாலும்தான். கிட் மாட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து அந்த ஷாஃப்டை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

அண்ணாச்சி ஷாஃப்ட் உட்கார்ந்து சுற்றுகிற வளையமான பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டு, தெரிந்த லேத்தில் கன்மெட்டலில் புதுசு கடைந்து வாங்கி ஏற்றினார். எடைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துருவை எடுத்து, ஒரு சொட்டு ஆயில் விட்டார், ஸ்பிரிங் இரண்டும் புதுசு. புதுப் பாயிண்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, வெள்ளைக் காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்து இரண்டு முகத்துக்கும் நடுவில் வைத்து இழுத்தது. காகிதத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் பூசி அனுப்புகிற எண்ணெய் அது, துடைக்காமல் மாட்டினால் கருகிப் படிந்துவிடும். காகிதம் சுத்தமாக வருகிறவரை நாலைந்து தடவை இழுத்தார். பழைய பாயிண்டை எனக்குக் காட்டினார். ஒரு முகத்தில் குழி, எதிர்முகத்தில் அதே அளவுக்கு ஒரு மேடு. கண்டன்சர் அளவு சரியில்லை என்றால் இப்படி ஒரு முகத்து உலோகம் இன்னொரு முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, அதன் மணல் உள்ளே குத்திக்கொள்ளும், மெல்லிய அரம்தான் போட வேண்டும் என்றார். நான் அதுவரை உப்புத்தாள்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

டைமிங்குக்கு ஒரு 12 வோல்ட் பல்ப் போதும். ஒரு முனை பாயிண்டுக்கு வருகிற வயரில், இன்னொரு முனை எர்த்தில். பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்ப் எரியாது, திறந்த நொடியில் எரியும். பிஸ்டன் உச்சிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும்போது, எடைகள் சுருங்கிய நிலையில், அந்த வெளிச்சம் வர வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவுக்குத் திருப்பி, மறுபடி என்ஜினைச் சுற்றி, மறுபடி பார்த்து, அண்ணாச்சி அரை மணி நேரம் இதிலேயே நின்றார். அடுத்த தடவை நானே செய்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். முதலில் கேப், அதற்கு அப்புறம்தான் டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும், ஏனென்றால் கேப் மாறினால் டைமிங்கும் கூடவே மாறும்.

கண்டன்சர் விஷயம்தான் இப்போது உண்மையான தலைவலி. நான் வாங்கிய மூன்றில் ஒன்று பெட்டியிலேயே செத்துக் கிடந்தது. புல்லட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டருக்குப் பின்னால் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு நிற்கிறது, கண்டன்சருக்குச் சூடு ஆகாது. அதனால் அதை வெளியே கொண்டுவந்து, டேங்குக்குக் கீழே காற்றுப் படுகிற இடத்தில், எர்த் நன்றாகக் கிடைக்கிற மாதிரி சுரண்டி போல்ட் போட்டோம். திருவட்டாறில் என்னை நிறுத்தியதும் அதுதான் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கே ஒரு கண்டன்சர் மாற்றியிருந்தால் கிட்டுக்குக் கொடுத்த பணமும் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் எலக்ட்ரானிக் யாருக்குமே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. என் நண்பன் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் புல்லட்டில் வேலைக்கு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேப் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை விருப்பமும் இல்லை. முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்து, நல்ல பேட்டரி போட்டு, வயரிங்கைப் புதுசாக்கி, ரெசிஸ்டர் உள்ள பிளக் மூடி மாட்டி (இது இல்லாவிட்டால் பொறியின் இரைச்சல் சில யூனிட்டைக் குழப்பிவிடும்), அதற்குப் பிறகு கிட் மாட்டினான். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, அவனுக்கு அதுதான் சரி. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர்கள் கேட்டாலும் நான் சிடிஐ என்கிற எலக்ட்ரானிக் இக்னிஷன் பக்கம்தான் சாய்வேன். அதில் பாயிண்ட், என்ஜினோடு சுற்றுகிற மேக்னட் சக்கரத்துக்குள் இருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் புல்லர் என்கிற கருவி போட்டு அதை இழுக்க வேண்டும், ரோட்டோரத்தில் நடக்காது. ஆர்எக்ஸ் 135-ன் செட் அதற்குப் பொருந்துகிறது என்பதால் வேலையும் சுலபம். 2001-ல் வந்த எலக்ட்ரா மாதிரி கம்பெனியே சிடிஐ வைத்து அனுப்பிய புல்லட்டை யாராவது பாயிண்டுக்கு மாற்றக் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அந்த வண்டியில் காயிலிலிருந்து வயரிங் வரை அதற்கென்றே சேர்த்துச் செய்தது.

என் வண்டி அப்படி இல்லை. மாதத்துக்கு நானூறு ஐநூறு கிலோமீட்டர் ஓடுகிறது. பேச்சிப்பாறை, காளிகேசம், ஆரல்வாய்மொழி என்று போகிற இடமெல்லாம் செல்போன் டவர் கிடைக்காத வளைவுகள் ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே நின்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஃபீலர் கேஜும் வைத்து என் கையால் எடுத்துவிட முடிய வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கேப் பார்க்கிறேன், கேமில் அரிசி அளவு கிரீஸ் தடவுகிறேன், அதற்குமேல் தடவினால் தெறித்துப் பாயிண்டில் விழும். புஷ் மாற்றியபிறகு கேப் அவ்வளவு லேசில் நகர்வதும் இல்லை. போன தடவை அளந்தபோது 0.38-லிருந்து 0.36-க்குத்தான் வந்திருந்தது.

முள் மறுபடியும் பேசுகிறது. இப்போது என் மகள் டேங்கில் உட்கார்ந்து பார்த்து, நடுவுக்கு வந்ததும் "வந்துட்டுப்பா" என்று கத்துவாள், நான் உதைப்பேன்.

டூல் பாக்ஸில் கேப் வைத்துச் சரிபார்த்த ஒரு பாயிண்ட் செட், சின்ன அரம், ஃபீலர் கேஜ், வயர் வைத்துப் பற்றவைத்த அந்த பல்ப். இரண்டாவது கண்டன்சர் பெட்டிக்குள் இல்லை, டேங்குக்குக் கீழே முதலாவதற்குப் பக்கத்திலேயே போல்ட் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு வயரை மட்டும் மாற்றிச் சொருகினால் போதும். மூன்று வருஷத்தில் இன்னும் சொருக வேண்டி வரவில்லை.